‘புட்’ என்றால் ‘எங்கே?’

பெங்களூர் அல்சூரில் ஆட்டோ ஏறும் தமிழர் "அண்ணா, மீட்டர் போடுங்க" என்பார். ஓட்டுநர் கன்னடக்காரர் என்று தெரிந்தால் "மீட்டர் ஹாக்கி" என்று மாற்றிக்கொள்வார். (மட்டை பிடித்து ஆடும் ஹாக்கி இல்லை, ‘போடுங்கள்’ என்பதற்குக் கன்னடம்.) தமிழில் ‘போடு’ சுமக்கும் வேலைகளில் பெரும்பங்கைக் கன்னடத்தில் ‘ஹாக்கு’ சுமக்கிறது. சட்டை, பெட்ரோல், வாசல் கோலம், ஆபீஸ் லீவு எல்லாமே இங்கே போடவும் படும், ஹாக்கவும் படும்.

இந்த ஒற்றுமையில் பெங்களூர்த் தமிழருக்கு ஒரு சின்ன நஷ்டம் இருக்கிறது. ‘போடு’வை அப்படியே இங்கிலீஷில் ‘புட்’ ஆக்கி, "ஐ ஹேவ் புட் லீவ் டுமாரோ" என்று மெயில் அனுப்பினால், பக்கத்து சீட் கன்னடக்காரருக்கு அது உறுத்தவே உறுத்தாது. அவரும் அப்படித்தான் எழுதுகிறார். அதனால் திருத்த ஆளில்லாமல் பத்து வருஷம் ஓடிவிடும். மெயில் லண்டனுக்கோ டெக்சாஸுக்கோ போகும்போதுதான் படிப்பவர் ஒரு நொடி நிற்பார். லீவை எங்கே வைத்தார் இவர்?

அந்த ‘எங்கே’ என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டால் ‘புட்’ முக்கால்வாசி கைக்கு வந்துவிடும்.

முதலில் உச்சரிப்பும் உருவமும்

இது மாறாத வினை. இன்று புட், நேற்றும் புட், ‘ஹேவ்’ சேர்த்தாலும் புட். ‘புட்டட்’ என்று ஒரு சொல் இந்த வினைக்குக் கிடையாது. அவன், அவள், அது என்று ஒருமையில் வரும்போது மட்டும் நிகழ்காலத்தில் ‘புட்ஸ்’ ஆகும். ஆகவே "ஹி புட்ஸ் சுகர் இன் ஹிஸ் காபி" என்றால் வழக்கமாகப் போடுகிறவர். "ஹி புட் சுகர் இன் ஹிஸ் காபி" என்றால் அன்றைக்குப் போட்டார். காலத்தைச் சொல்வது அந்த ஒற்றை ‘ஸ்’ தான். "தே புட்" என்று பன்மையில் வந்தால் அதுவும் இல்லை. இன்றைக்கா நேற்றைக்கா என்பதைச் சுற்றியிருக்கும் வாக்கியம்தான் சொல்ல வேண்டும்.

‘இங்’ சேரும்போது ‘டி’ எழுத்து இரட்டிக்கும்: புட்டிங். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் குழியை நோக்கி மெல்லத் தட்டுவதற்கு ‘பட்’ என்று வேறொரு வினை இருக்கிறது. அதை எழுதும்போது கடைசி ‘டி’ இரண்டு. அதற்கும் ‘இங்’ சேர்த்தால் எழுத்து அச்சு அசலாக அதே வடிவத்துக்கு வந்து நிற்கும். வாசிக்கும்போது மட்டும் ‘பட்டிங்’. அதற்கு இறந்தகாலம் ‘பட்டட்’ என்று ஒழுங்காக உண்டு.

"பி-யு-டி பட் என்றால் புட் எப்படி?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்காத பிள்ளை இல்லை. ஆசிரியர்கள் பெரும்பாலும் "இங்கிலீஷ் அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். காரணம் இருக்கிறது. பழைய இங்கிலீஷில் இந்தக் குறில் ‘யு’ எல்லாச் சொற்களிலும் ‘உ’ என்றுதான் ஒலித்தது. 17ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில் அது இரண்டாகப் பிரிந்தது. பெரும்பாலான சொற்களில் ‘அ’ போன்ற ஒலியாக மாறியது: கட், சன், லக். உதடு குவித்துச் சொல்லும் ஒலிக்குப் பின்னால் வந்த சில சொற்கள் மட்டும் பழைய ‘உ’வை விடவில்லை: புட், புஷ், புல், ஃபுல். எல்லா உதட்டொலிச் சொல்லும் தப்பவில்லை, ‘ஃபன்’ மாறிவிட்டது. வட இங்கிலாந்தில் இந்தப் பிரிவே நடக்கவில்லை. அங்கே பலர் இன்னும் ‘கட்’டை ‘குட்’ போலத்தான் சொல்கிறார்கள்.

சொல்லும்போது கவனிக்க இரண்டு. கடைசி ‘ட்’டில் நாக்கு நின்றுவிட வேண்டும்; நாம் பழக்கத்தில் ஒரு உகரம் சேர்த்துப் ‘புட்டு’ ஆக்கிவிடுகிறோம், தேங்காயும் பயறும்தான் பாக்கி. இன்னொன்று, முதல் ‘ப்’பில் கொஞ்சம் காற்று வெளியே வர வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் அது அசைய வேண்டும். அசையாவிட்டால் இங்கிலீஷ்காரர் காதுக்கு அது ‘பால்’ ஒலியாக விழாமல் ‘பஸ்’ ஒலியாக விழக்கூடும்.

இரண்டு கேள்வி, இரண்டுக்கும் பதில்

வீட்டில் நடக்கிற பேச்சு:

"சாவி எங்கடி வச்ச?"

"டேபிள் மேல வச்சேம்மா."

பதிலில் சாவி என்ற சொல்லே இல்லை. தமிழுக்கு அது தேவையில்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று இருவருக்கும் தெரியும். இதையே இங்கிலீஷில் "ஐ புட் ஆன் த டேபிள்" என்று சொன்னால் வாக்கியம் ஓட்டையாகிவிடும். "ஐ புட் இட் ஆன் த டேபிள்" என்று ‘இட்’ வந்தே ஆக வேண்டும். அதே போல "ஐ புட் த கீ" என்று நிறுத்தினாலும் ஓட்டைதான். ‘புட்’ வந்தால் எதை என்பதும் எங்கே என்பதும் சேர்ந்து வர வேண்டும். இங்கிலீஷில் இப்படி இரண்டையும் கட்டாயமாகக் கேட்கிற வினைகள் அதிகம் இல்லை. ‘சாப்பிடு’ என்பதற்கான ‘ஈட்’டை எடுத்துக்கொண்டால் எதை என்றுகூடச் சொல்லாமல் "ஐ ஏட்" என்று முடித்துவிடலாம்.

‘எங்கே’ என்ற இடத்தில் ஓர் ஊரோ மேசையோதான் வர வேண்டும் என்பதில்லை. ஓர் ஆள் வரலாம்: பழியை அவன் மேல் போட்டான் என்பதற்கு "ஹி புட் த பிளேம் ஆன் ஹிம்". ஒரு நிலை வரலாம்: குழந்தையைப் படுக்க வைப்பது "புட் த பேபி டு பெட்". ‘எப்படி’ என்பதுகூட அந்த நாற்காலியில் உட்காரும்: சுருக்கமாகச் சொன்னால் என்பதற்கு "டு புட் இட் சிம்ப்ளி". எதுவானாலும் அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது.

‘போடு’ எப்போது ‘புட்’ ஆகும்?

இதற்கு ஒரு கைவைத்தியம் சொல்லலாம். நூற்றுக்கு நூறு பலிக்காது, ஆனால் அன்றாடத்துக்குப் போதும். சொல்ல வந்த தமிழ் வாக்கியத்தில் ‘போடு’வுக்கு முன்னால் ‘-ல’ அல்லது ‘மேல’ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ‘புட்’ பெரும்பாலும் சரி. வராவிட்டால் வேறு வினை தேட வேண்டும்.

மெயிலையே எடுத்துக்கொள்வோம். "மெயில் போடு" என்பதில் ‘-ல’ இல்லை. ஆகவே "புட் எ மெயில்" தவறு. "செண்ட் எ மெயில்" என்று சொல்ல வேண்டும். "அதை மெயில்ல போடு" என்றால் ‘-ல’ வந்துவிட்டது. "புட் இட் இன் அன் இமெயில்" சுத்தமான இங்கிலீஷ். ஒரே எழுத்து வித்தியாசம். இப்படியே "லீவு போடு"வுக்குப் ‘புட்’ ஒத்துவராது, "லீவை காலண்டர்ல போடு"வுக்கு ஒத்துவரும். "வண்டியில பெட்ரோல் போடு", "பேங்க்ல பணம் போடு", "குரூப்ல போட்டோ போடு", "போனை ஸ்பீக்கர்ல போடு", "சைலண்ட்ல போடு" எல்லாவற்றுக்கும் ‘புட்’ வரும். "சண்டை போடு", "ஊசி போடு", "ஓட்டுப் போடு", "கேஸ் போடு", "மீட்டிங் போடு" எதற்கும் வராது. இவை முறையே ‘ஃபைட்’, ‘கிவ்’, ‘காஸ்ட்’ அல்லது வெறும் ‘வோட்’, ‘ஃபைல்’, ‘செட் அப்’ என்று தனித்தனி வினைகளைக் கேட்கும்.

இந்த வைத்தியம் பலிக்காத இடம் ஒன்று உண்டு. "வாசல்ல கோலம் போடு" என்பதில் ‘-ல’ இருக்கிறது. ஆனாலும் "புட் எ கோலம்" சரிவராது, ‘டிரா’ என்றுதான் சொல்ல வேண்டும். ஏன்? ‘புட்’ ஏற்கெனவே இருக்கிற ஒரு பொருளை ஓர் இடத்துக்குக் கொண்டுபோகிற வினை. கோலம் போடுவதற்கு முன்னால் கோலம் எங்கும் இல்லை. டப்பாவில் மாவுதான் இருந்தது. போடுவதால்தான் கோலமே உண்டாகிறது. எனவே இரண்டாவது சோதனை: அந்தப் பொருள் முன்பே இருந்ததா, இந்தச் செயலால் உண்டானதா? டீ போடுவதும் ரோடு போடுவதும் கோழி முட்டை போடுவதும் உண்டாக்குகிற வகை. டீக்கு ‘மேக்’, ரோட்டுக்கும் முட்டைக்கும் ‘லே’. டீயில் சர்க்கரை போடுவது மட்டும் இடம் மாற்றுகிற வகை, அதற்குப் ‘புட்’. கையெழுத்தும் காற்புள்ளியும் இதற்கு விலக்கு. அவையும் எழுதும்போதுதான் உண்டாகின்றன, என்றாலும் "புட் யுவர் சிக்னேச்சர் ஹியர்" என்று தாராளமாகச் சொல்கிறார்கள்.

சார்ஜ் போடுவது தனிக் கதை. "போனை சார்ஜ்ல போட்டிருக்கேன்" என்பதில் ‘-ல’ இருக்கிறதே என்று நம்பி "ஐ ஹேவ் புட் மை போன் இன் சார்ஜ்" என்று சொல்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். ‘புட் இன் சார்ஜ்’ என்றால் பொறுப்பில் அமர்த்துவது. போனை மேனேஜர் ஆக்கியதாக அர்த்தம் வரும். பிரிட்டிஷ் வழக்கில் "புட் இட் ஆன் சார்ஜ்" என்பார்கள். எங்கும் செல்லுபடியாவது "ஐ பிளக்ட் இட் இன்" அல்லது "இட்ஸ் சார்ஜிங்".

‘வை’ என்றதும் ‘கீப்’ வந்து நிற்பது ஏன்?

‘போடு’வால் ‘புட்’டை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறோம் என்றால், ‘வை’யால் அதைப் பயன்படுத்தவே தவறுகிறோம். வாசலில் பார்சல் கொண்டுவந்தவரிடம் மாடியிலிருந்து "கீப் இட் நியர் த டோர்" என்கிறோம். "ஐ கெப்ட் த ஃபைல் ஆன் யுவர் டெஸ்க்" என்று எழுதுகிறோம். இது தமிழர் மட்டும் செய்வதில்லை. இந்திய இங்கிலீஷ் முழுக்கப் பரவியிருக்கிறது. நமக்குள் பேசும்போது யாருக்கும் குழப்பமில்லை. வெளியாள் காதில் மட்டும் வேறு மாதிரி விழும்.

‘கீப்’ தொடர்ச்சியைச் சொல்கிற வினை. எங்கேயோ வைத்து அங்கேயே இருக்கவிடுவது, அல்லது தன்னிடமே வைத்துக்கொள்வது. "யு கேன் கீப் த பென்" என்றால் பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளலாம், திருப்பித் தர வேண்டாம். "ஐ கீப் மை கீஸ் ஆன் த டேபிள்" என்றால் சாவிக்கு வழக்கமான இடமே அந்த மேசைதான். கையிலிருந்து இறங்கி மேசையைத் தொடுகிற அந்த ஒரு கணத்துக்குப் ‘புட்’.

தமிழே இதைப் பிரித்துக் காட்டுகிறது, நாம்தான் கவனிப்பதில்லை. ‘வைத்தேன்’ என்று நின்றால் புட். ‘வைத்திருக்கிறேன்’, ‘வைத்துக்கொள்’ என்று ‘இரு’வோ ‘கொள்’ளோ ஒட்டினால் பெரும்பாலும் கீப். "பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜ்ல வச்சேன்" என்பது புட். "எங்க வீட்ல பருப்பையும் ஃப்ரிட்ஜ்லதான் வச்சிருப்போம்" என்பது கீப். பார்சல்காரரிடம் "புட் இட் நியர் த டோர்" என்றால் போதும். ஆள் வந்து எடுக்கும்வரை அங்கேயே இருக்கட்டும் என்றால் "லீவ் இட் பை த டோர்" இன்னும் பொருத்தம்.

‘புட்’டின் வீச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் பாலை ஊற்றுகிறோம், உப்பைப் போடுகிறோம், நெய்யை விடுகிறோம், தட்டை வைக்கிறோம். இங்கிலீஷில் இந்த நான்குக்குமே ‘புட்’ போதும். ‘போர்’, ‘ஆட்’ என்று தனி வினைகள் இருந்தாலும் அடுக்களைப் பேச்சில் ‘புட்’ தான் அதிகம் புழங்குகிறது. ஆனால் எதில் என்பதும் தேவை என்பதை மறக்கக் கூடாது: "புட் சம் மில்க் இன் இட்". தர்ஷினியில் (நின்றபடியே சாப்பிடும் பெங்களூர் ஹோட்டல்) காபிக்கு நிற்கும்போது "டோன்ட் புட் சுகர்" என்று சொன்னால் காபி கிடைத்துவிடும்; இலக்கணம்தான் ‘இன் இட்’டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். "நோ சுகர், பிளீஸ்" என்றால் வம்பே இல்லை.

வாலாக வரும் குட்டிச் சொற்கள்

ஆன், ஆஃப், அப், டவுன், இன், அவுட், த்ரூ என்று ‘புட்’டின் பின்னால் ஒட்டுகிற சொற்கள்தான் படிப்பவரை மிரட்டுகின்றன. இவற்றை மனப்பாடப் பட்டியலாகப் பார்க்காமல், ‘எங்கே’ என்ற நாற்காலியில் உட்கார்ந்த சொற்களாகப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். ‘ஆன்’ என்றால் மேலே. உடம்பின் மேலே சட்டை ஏறுவது ‘புட் ஆன்’. ‘ஆஃப்’ என்றால் அப்பால். வேலையை இன்னொரு நாளைக்கு அப்பால் தள்ளுவது ‘புட் ஆஃப்’. எல்லாவற்றையும் இப்படி விளக்கிவிட முடியாது, சிலதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

‘புட் ஆன்’ சட்டைக்குள் கைவிடுகிற செயலுக்கு மட்டும். ஏற்கெனவே போட்டிருப்பதற்கு ‘வேர்’. "ஷி இஸ் புட்டிங் ஆன் எ ரெட் ஸ்வெட்டர்" என்றால் இந்த நொடி அவர் தலையை ஸ்வெட்டருக்குள் நுழைத்துக்கொண்டிருக்கிறார். தமிழில் ‘போட்டுக்கிட்டிருக்கா’வும் ‘போட்டிருக்கா’வும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிப்பதால் வருகிற குழப்பம் இது. உடம்பு கூடுவதும் ‘புட் ஆன்’ தான்: "ஐ ஹேவ் புட் ஆன் டூ கிலோஸ்". விளக்கையும் ஃபேனையும் ‘புட் ஆன்’ செய்யலாம், பிரிட்டிஷ் வழக்கில் சகஜம். ஆனால் அதற்கு எதிர்ப்பதமாக நாம் சொல்லும் "புட் ஆஃப் த லைட்" இன்றைய வழக்கில் இல்லை. ‘டர்ன் ஆஃப்’ அல்லது ‘ஸ்விட்ச் ஆஃப்’.

‘புட் ஆஃப்’ ஒத்திப்போடுவது. அடுத்து வினை வந்தால் ‘இங்’ வடிவில்தான் வரும்: "ஐ கெப்ட் புட்டிங் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்". ‘டு கோ’ என்றால் தவறு. நடுவில் ஆள் வந்தால் பொருள் வேறு. "த ஸ்மெல் புட் மி ஆஃப்" என்றால் அந்த நாற்றத்தில் வெறுத்துப்போனது.

‘புட் அப்’ இந்த ஊரில் அதிகம் அடிபடுவது. "வேர் ஆர் யு புட் அப்?" என்று கேட்டால் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று நமக்குப் புரியும், பழைய பிரிட்டிஷ் வழக்கின் மிச்சம் அது. இன்று வெளியில் "வேர் டு யு லிவ்?" தான். ஒருவரை ஓரிரு ராத்திரி நம் வீட்டில் தங்கவைப்பதற்கு மட்டும் ‘புட் அப்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. சென்னையிலிருந்து இன்டர்வியூவுக்கு வருகிற தம்பி முறைக்காரர் "கேன் யு புட் மி அப் ஃபார் டூ நைட்ஸ்?" என்று கேட்பது சரியான இங்கிலீஷ். சர்க்கார் ஆபீஸ் கோப்புகளில் ‘பிளீஸ் புட் அப்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். கோப்பை மேலதிகாரி பார்வைக்கு வை என்று பொருள். அது இந்திய ஆபீஸ்களுக்கு உரியது, வெளிநாட்டு மெயிலில் வேண்டாம்.

‘புட் அப்’புடன் ‘வித்’ சேர்ந்தால் சகித்துக்கொள்வது. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு டிராஃபிக்கைப் பற்றி எழுதும்போது அந்த ‘வித்’தை விட்டுவிட்டால், டிராஃபிக்கைத் தூக்கிச் சுவரில் மாட்ட முடியவில்லை என்பது போல ஆகிவிடும்.

‘புட் டவுன்’ ஆபத்தானது. கீழே வைப்பது, எழுதிவைப்பது, ஒருவரை மட்டம்தட்டுவது எல்லாம் இதில் அடங்கும். பட்டியலில் பெயர் சேர்ப்பதும் இதுதான்: நன்கொடை நோட்டில் "புட் மி டவுன் ஃபார் 500". ஆனால் செல்லப்பிராணியோடு சேர்ந்து வந்தால், வலி தாங்க முடியாத மிருகத்தை மருத்துவர் ஊசி போட்டு விடுவிப்பது. தூக்கிவைத்திருந்த நாயைத் தரையில் விட்டதைச் சொல்லப்போய் "ஐ புட் மை டாக் டவுன்" என்றால் எதிரில் இருப்பவர் துக்கம் விசாரிப்பார். ‘புட் டு ஸ்லீப்’புக்கும் இதே கதி. குழந்தையைச் சொன்னால் தூங்கவைப்பது, நாயைச் சொன்னால் அதேதான், ஆனால் எழாத தூக்கம்.

‘புட் அவுட்’ நெருப்பை, சிகரெட்டை அணைப்பது. குப்பைத் தொட்டியை வெளியே வைப்பதும். எதை என்று சொல்லாமல் வெறுமனே ஒருவரைப் பற்றிச் சொன்னால் அமெரிக்கப் பேச்சில் கொச்சையான பொருள் ஒன்று வருகிறது, தவிர்ப்பது நல்லது. ‘புட் த்ரூ’ போன் இணைப்பைக் கொடுப்பது. அதுவே படிப்போடு வந்தால் செலவழித்துப் படிக்கவைப்பது.

இவை எல்லாவற்றிலும் அதிகம் தப்பு நடக்கும் இடம், ‘இட்’ எங்கே நிற்க வேண்டும் என்பது. "புட் ஆன் த ஜாக்கெட்", "புட் த ஜாக்கெட் ஆன்" இரண்டும் சரி. ஜாக்கெட்டுக்குப் பதில் ‘இட்’ வந்துவிட்டால் நடுவில்தான் நிற்கும்: "புட் இட் ஆன்". "புட் ஆன் இட்" என்றால் அதன் மேல் வை என்ற பொருளுக்குப் போய்விடும், அதுவும் எதை என்று சொல்லாத அரைகுறையாக. ‘புட் அப் வித்’ மட்டும் பிரியாது. மூன்று சொல்லும் ஒட்டிக்கொண்டே வந்து, ‘இட்’ கடைசியில் நிற்கும்.

லீவும் பேப்பரும்

இப்போது அந்த லீவு மெயிலுக்குத் திரும்பலாம். ‘புட்’டை வைத்தே அதைச் சரியாகச் சொல்ல முடியும். விடுபட்டது இரண்டு குட்டிச் சொல்தான்: ‘இன் ஃபார்’. முறையாக விண்ணப்பிப்பதற்குப் ‘புட் இன் ஃபார்’ என்று பெயர். ஒரு மெயில் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்:

"ஹாய், ஐ ஹேவ் புட் லீவ் ஆன் ஃப்ரைடே. ஐ வில் புட் எ மெயில் டு கிளையன்ட். த ரிப்போர்ட் ஐ ஹேவ் கெப்ட் இன் த ஷேர்டு ஃபோல்டர்."

திருத்தினால்:

"ஹாய், ஐ ஹேவ் புட் இன் ஃபார் லீவ் ஆன் ஃப்ரைடே. ஐ வில் இமெயில் த கிளையன்ட். ஐ ஹேவ் புட் த ரிப்போர்ட் இன் த ஷேர்டு ஃபோல்டர்."

முதல் வரியில் ‘புட்’ தங்கியது, ‘இன் ஃபார்’ சேர்ந்தது. இரண்டாவதில் ‘புட்’ போனது. மூன்றாவதில் ‘கீப்’ போய்ப் ‘புட்’ வந்தது. லீவு கிடைத்துவிட்டது என்றால் "ஐ அம் ஆன் லீவ் ஆன் ஃப்ரைடே" அல்லது "ஐ அம் டேக்கிங் ஃப்ரைடே ஆஃப்" போதும். ஒரு எச்சரிக்கை: "ஐ ஹேவ் பீன் புட் ஆன் லீவ்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கம்பெனியே உங்களை லீவில் அனுப்பியதாக, ஏதோ விசாரணை நடப்பதாகப் படும்.

பெங்களூர் ஐ.டி. பேச்சில் "அவன் பேப்பர் போட்டுட்டான்" என்றால் வேலையை ராஜினாமா செய்துவிட்டான். இங்கிலீஷில் அது "ஹி ஹேஸ் புட் டவுன் ஹிஸ் பேப்பர்ஸ்" ஆகிறது. 60 நாள், 90 நாள் நோட்டீஸ் பீரியட் ஓடுகிற இந்த ஊரில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டவருக்கு, கையிலிருந்த காகிதங்களைக் கீழே வைத்துவிட்டார் என்றுதான் தோன்றும். அங்கே "ஹி ஹேஸ் ரிஸைன்ட்" அல்லது "ஹி ஹேஸ் ஹேண்டட் இன் ஹிஸ் நோட்டீஸ்".

பழைய ‘தள்ளு’ இன்னும் ஒட்டியிருக்கும் இடங்கள்

பழைய இங்கிலீஷில் இந்தச் சொல்லின் மூதாதைக்குத் தள்ளு, உந்து என்று பொருள். வைப்பது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. அந்தத் தள்ளல் இன்றும் சில இடங்களில் தெரிகிறது.

கன்டீரவா மைதானத்தில் ‘ஷாட் புட்’ பார்த்தால் விளங்கும். நாம் அதைக் குண்டு எறிதல் என்கிறோம். விதியோ எறியவே கூடாது என்கிறது. ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ குண்டு. அதைக் கழுத்தை அல்லது தாடையை ஒட்டிப் பிடித்து, தோளிலிருந்து ஒரே கையால் உந்தித் தள்ள வேண்டும். கையைத் தோள் வரிசைக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினால் அந்த முயற்சி செல்லாது.

பங்குச் சந்தையின் ‘புட் ஆப்ஷன்’ இன்னொன்று. மொபைல் ஆப்பில் விலைக்குப் பக்கத்தில் ‘பி.இ.’ என்று வருவது இதுதான். ஒரு பங்கைக் குறித்த நாளில், குறித்த விலைக்கு எதிராளியிடம் விற்கும் உரிமை அது. அந்த உரிமையை வாங்கியவருக்குக் கட்டாயம் இல்லை, உரிமையை விற்றவருக்குக் கட்டாயம். 100 ரூபாய் விலைக்கு, பங்குக்கு 4 ரூபாய் பிரீமியம் (அந்த உரிமைக்கான விலை) கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள், முடிவு நாளில் பங்கு 90க்கு இறங்கிவிட்டது என்றால், 10 ரூபாய் வித்தியாசத்தில் 4 கழிந்து 6 ரூபாய் மிச்சம். 100க்கு மேலேயே நின்றுவிட்டால் அந்த 4 ரூபாய் போச்சு. தமிழில் ‘அவன் தலையில் கட்டிட்டான்’ என்போமே, அந்தத் தொனிதான் இந்தப் ‘புட்’டில்.

கடைசியாக, இந்த ஊரில் பாதிப்பேர் சோறு தின்பது எதனாலோ அதில் வரும் ‘புட்’. வெப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு எச்.டி.டி.பி.யில் (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) ‘போஸ்ட்’, ‘புட்’ என்று இரண்டு கட்டளைகள் தெரியும். இரண்டுமே சர்வருக்குத் தகவல் அனுப்புவதுதானே, என்ன வித்தியாசம் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். ‘போஸ்ட்’ அனுப்பும்போது, இந்தா இதை வாங்கிக்கொள், எங்கே வைப்பது என்பது உன் பாடு என்று சர்வரிடம் விட்டுவிடலாம். ‘புட்’ அனுப்பும்போது எந்த முகவரியில் வைக்க வேண்டும் என்பதை அனுப்புகிறவரே சொல்ல வேண்டும். அந்த முகவரியில் எதுவும் இல்லாவிட்டால் சர்வர் புதிதாக உண்டாக்கி, உண்டாக்கிவிட்டேன் என்பதற்கான 201 என்ற எண்ணைப் பதிலாகத் தரும். ஏற்கெனவே இருந்தால் முழுவதுமாக மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்பதற்கான 200 அல்லது 204 தரும். இடம் குறிப்பிட்டுவிட்டதால் அதே ‘புட்’டைத் தெரியாமல் மூன்று முறை அனுப்பினாலும் முடிவு ஒன்றுதான், மூன்று முறை ‘போஸ்ட்’ அனுப்பினால் மூன்று ஆர்டர் பதிவாகிவிடக்கூடும். ஆர்டர் எண்ணை விட்டுவிட்டு, மொத்தப் பட்டியலின் முகவரிக்கே ‘புட்’ அனுப்பினால் பல சர்வர்கள் ஏற்காது. இந்தக் கட்டளைக்கு இங்கே அனுமதி இல்லை என்பதற்கான 405 என்று திருப்பி அனுப்பிவிடும்.